மூச்சுக்குழல் துளைப்பும் மரண விசாரணையும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மூச்சுவிட முடியாது திணறும் ஒருவரின் கழுத்தின் முன்புறத்தைக் கீறி, மூச்சுக்குழலில் துளையொன்றிட்டு, அதனூடாகக் குழாயொன்றைச் செலுத்திச் சுவாசத்தை மீட்டுத்தரும் சத்திரசிகிச்சை மருத்துவத்தின் பழைமையான துணிவுகளுள் ஒன்றாகும். டிரக்கியொஸ்டமி என வைத்தியர் வழங்கும் இதனை மூச்சுக்குழல் துளைப்பு என இக்கட்டுரையில் நாம் குறிப்போம். பாடநூல்களில் வாதனாளி எனப்படுவதும் இம்மூச்சுக்குழலே. உயிரைக் காக்கத் திறக்கப்படும் இவ்வழி சிற்சில வேளைகளில் உயிர் நீங்குதற்கும் ஏதுவாகிவிடுகின்றது. அவ்வாறு நேருமிடத்து மூன்று வினாக்கள் ஒருங்கே எழுகின்றன. எதனால் இறந்தார் என்று வைத்தியர் வினவுவர். எவர் பொறுப்பு என்று சட்டம் வினவும். வைத்தியசாலைக்கு மூச்சோடு கொண்டுவந்தவரை ஏன் பிணமாகக் கொண்டுசெல்ல நேர்ந்தது என்று உறவினர் வினவுவர்.

இம்மூன்றும் ஒரே வினாவின் வெவ்வேறு வடிவங்கள் போலத் தோன்றினும் அவை தனித்தனியே விடைகாண வேண்டியவை. ஒன்றற்குரிய விடையை மற்றொன்றற்கு உரியதாகக் கொள்வதனாலேயே குற்றமற்றவர் பழிசுமப்பதும், திருத்தப்பட வேண்டிய குறைகள் மறைந்துபோவதும் நிகழ்கின்றன. அன்றியும், இத்தகைய மரணங்களில் பிணத்தை மட்டும் அறுத்துப் பார்ப்பதனால் உண்மை புலனாகாது. உடல், கழுத்திலிருந்த குழாய், கட்டிலருகே எழுதப்பட்ட குறிப்பு ஆகிய மூன்றையும் ஒருங்குவைத்து நோக்கினாலன்றி விடை கிட்டாது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்து.

வாவியும் வைத்தியசாலையும்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி இப்பிரதேசத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்களும் குளங்களும் காடுகளுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. நகரங்கள், பெரிய பாடசாலைகள், நிபுணர்கள் பணியாற்றும் வைத்தியசாலைகள் என்பன பெரும்பாலும் எழுவான்கரையில் அமைந்தன. நாட்டுக்கு நெல் விளைவித்துத்தரும் உழைப்பாளர் பலர் படுவான்கரையில் வாழ்கின்றனர். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் வாவியைக் கடக்கப் படகுப் பாதையை நம்பியிருந்தனர். அல்லது சுற்றிச் செல்லவேண்டியிருந்தது. மூச்சடைத்தவரின் மூளை ஒட்சிசன் இன்றிச் சில நிமிடங்களே தாங்கும் என்பதை நினைவிற்கொண்டால், துறையிற் காத்திருக்கும் நேரம் எத்தகைய விலையுடையது என்பது விளங்கும்.

இப்பிரதேசத்தில் எத்தகையோருக்கு மூச்சுக்குழல் துளைப்புத் தேவைப்படுகின்றது? முதலில் வயல்சார்ந்த தொழிலோடு பிணைந்த நோய்களைக் கூறலாம். வாடியில் நிலத்திற் படுத்துறங்கும் உழவனைக் கட்டுவிரியன் தீண்டினால் அந்நஞ்சு சுவாசத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பூச்சிகொல்லி அருந்தியோர் நிலையும் இத்தகையதே. முதற் பாதிப்புத் தணிந்தபின்னர், நஞ்சருந்திய 24 முதல் 96 மணித்தியாலங்களுள் இரண்டாவதாக ஒரு தசைச் செயலிழப்பு வரக்கூடும் என்பதைப் பேராதனையில் பணியாற்றிய நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய இருவரும் 1987இல் உலகுக்கு எடுத்துக்காட்டினர். இத்தகைய நோயாளர் நாட்கணக்காக, சிலவேளை வாரக்கணக்காகச் செயற்கைச் சுவாசப் பொறியில் இருக்கவேண்டியவர்கள். வாய்வழிக் குழாயை நெடுநாள் வைத்திருக்க இயலாதபோது கழுத்தில் துளையிடப்படுகின்றது. வெற்றிலையும் புகையிலையும் சார்ந்து வரும் வாய், தொண்டைப் புற்றுநோய்கள், வீதி விபத்தில் நேரும் தலைக்காயங்கள், தூக்கிட்டு மீட்கப்பட்டோர், கழுத்தில் வெட்டுண்டோர் ஆகியோரையும் இவற்றோடு சேர்த்தெண்ணல் வேண்டும்.

இவர்களுட் பலர் துளைப்புக்கு முன்னரே உயிராபத்தில் இருந்தவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆகவே அவர்களில் ஒருவர் இறந்தால், நோயாலா, நஞ்சாலா, காயத்தாலா, கத்தியாலா, குழாயாலா, கவனிப்பின் குறையாலா என்ற ஐயம் இயல்பாகவே எழும்.

சத்திரசிகிச்சையின் வரலாறு

இத்தாலிய வைத்தியரான பிரசவோலா 1546இல் தொண்டைச் சீழ்க்கட்டியால் மூச்சடைத்த ஒருவருக்கு இச்சிகிச்சையை வெற்றியுடன் செய்ததாகப் பதிவுண்டு. எனினும் அடுத்துவந்த நூற்றாண்டுகளில் வைத்தியர் இதனைக் கண்டு அஞ்சினர். 1799இல் அமெரிக்காவின் முதல் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கி மூச்சடைத்துக் கிடந்தபோது, கூடியிருந்த வைத்தியர்களுள் இளையவர் மூச்சுக்குழலைத் துளைக்கலாம் என்றார். மூத்தவர்கள் உடன்படவில்லை. அன்றிரவே வாஷிங்டன் இறந்தார். செய்யப்படும் சிகிச்சை மட்டுமன்றிச் செய்யாதுவிட்ட சிகிச்சையும் மரணத்திற்குக் காரணமாகலாம் என்பதை இந்நிகழ்ச்சி நினைவூட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொண்டைக்கரப்பன் ஐரோப்பியக் குழந்தைகளைக் கொள்ளைகொண்டபோது பிரான்சிய வைத்தியர் ட்ரூசோ இச்சிகிச்சையைப் பரவலாகக் கையாண்டார். அவரிடம் சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினரே பிழைத்தனர். எனினும் எஞ்சியோர் சிகிச்சையின்றி இறந்திருக்கக்கூடியவர்களே என்பதால் அதுவும் பெரும் பேறாகக் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான செவாலியர் ஜாக்சன் சிகிச்சையின் படிமுறைகளை ஒழுங்குபடுத்தினார். துளையை மிக மேலே குரல்வளைக்கு அண்மையில் இடுவதே பிற்காலத்தில் குழல் ஒடுங்குவதற்குக் காரணம் என 1921இல் அவர் எச்சரித்தார். 1952இல் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியபோது, இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியரின் வழிகாட்டலில் நோயாளரின் கழுத்தில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகக் கையாற் பையை அழுத்திச் சுவாசமூட்டினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்தே தோன்றியது. 1985இல் சியாக்லியா என்பார் தோலினூடாக ஊசியைச் செலுத்தி, துளையைப் படிப்படியாக விரித்துக் குழாயிடும் முறையை வெளியிட்டபின் கட்டிலருகிலேயே இதனைச் செய்வது வழக்காயிற்று.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை தெளிவாகின்றது. இறந்தோரின் கழுத்தைக் கவனமாக ஆராய்ந்தமையாலேயே வாழ்வோருக்குரிய முறை திருந்தியது.

மரணம் நேரும் வழிகள்

மூச்சுக்குழல் வளர்ந்தோரில் 10 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. குதிரைலாட வடிவான 16 முதல் 20 வரையான கசியிழைய வளையங்கள் அதனைத் தாங்குகின்றன. வளையங்கள் பின்புறம் திறந்தவை. அங்கே மென்சுவரை ஒட்டி உணவுக்குழல் செல்கின்றது. முன்புறத்தில் தைரொயிட்டுச் சுரப்பியின் நடுப்பாகம் படிந்துள்ளது. கீழே, நெஞ்சென்பின் பின்னால், வலக்கைக்கும் தலைக்கும் குருதி கொண்டுசெல்லும் பெருநாடியொன்று குழலின் முன்னே குறுக்காகக் கடக்கின்றது. பழைய உடற்கூற்றியலார் இதற்குப் பெயரற்ற நாடி எனப் பெயரிட்டனர். துளை பொதுவாக இரண்டாம் வளையத்துக்கும் நான்காம் வளையத்துக்கும் இடையில் இடப்படும். அதற்கு மேலே சென்றால் குரல்வளைக்குத் தீங்கு. கீழே சென்றால் நாடிக்குத் தீங்கு.

மரணத்துக்கு ஏதுவாகும் சிக்கல்களைக் காலத்தை அடிப்படையாகக்கொண்டு மூன்றாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, சிகிச்சை நடைபெறும் வேளையில் நேர்வன. கழுத்து நாளங்களோ சுரப்பியோ வெட்டுண்டு குருதி பெருகி மூச்சுக்குழலினுள் இறங்கலாம். திறந்த நாளத்தினூடாகக் காற்று உட்புகுந்து இதயத்தை அடையலாம். நுரையீரலின் உச்சி குத்துண்டு நெஞ்சறையிற் காற்று நிறைந்து நுரையீரலை நசுக்கலாம். பின்சுவர் கிழிந்து உணவுக்குழல் காயமுறலாம். குழாய் மூச்சுக்குழலினுட் செல்லாது அதன் முன்னுள்ள மென்னிழையத்தில் பொய்வழியொன்றை உண்டாக்கிக்கொண்டு நிற்கலாம். இவ்வேளையிற் செலுத்தப்படும் காற்று நுரையீரலைச் சேராது தோலின் கீழே பரவும். முகமும் கழுத்தும் சில கணங்களில் வீங்கிவிடும்.

இரண்டாவது, முதல் வாரத்தில் நேர்வன. புதிதாக இட்ட துளை உறுதியான வழியாக அமைவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். அதற்கிடையில் நோயாளியைப் புரட்டும்போதோ இருமும்போதோ குழாய் வெளியேறினால், திறந்திருந்த இழையங்கள் உடனே மூடிக்கொள்ளும். பதற்றத்துடன் குழாயை மீளச் செருக முயல்வோர் பொய்வழியிற் செருகிவிடுதல் எளிது. மற்றொன்று அடைப்பு. மூக்கினூடாகச் செல்லும் காற்று இயல்பாக ஈரமாகும். கழுத்துக் குழாயினூடாகச் செல்லும் காற்றுக்கு அவ்வாய்ப்பில்லை. ஈரமூட்டாதும் உறிஞ்சியெடுக்காதும் விட்டால் சளியும் குருதியும் காய்ந்து குழாயை அடைத்துவிடும். குழந்தைகளின் ஒடுங்கிய குழாய்க்கு ஒரு சிறு கட்டியே போதுமானது. இவ்வகை மரணங்கள் கத்தியின் பிழையால் நிகழ்வனவல்ல. பெரும்பாலும் இரவில், தாதியர் தொகை குறைந்த விடுதியில் நிகழ்வன.

மூன்றாவது, வாரங்கள் கடந்தபின் நேர்வன. குழாயின் நுனியோ, அதனைச் சூழ்ந்துள்ள சிறு காற்றுப்பையோ மூச்சுக்குழலின் சுவரை இடையறாது அழுத்தினால் அச்சுவர் அரிப்புறும். காற்றுப்பையின் அழுத்தத்தை 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர்மட்ட அளவுக்குள் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. அதனை மீறினால் சுவரின் நுண்குழாய்களிற் குருதியோட்டம் தடைப்படும். அரிப்பு முன்புறமாகச் சென்று பெயரற்ற நாடியை எட்டினால் குழாயைச் சுற்றிப் பெருங்குருதி பீறிடும். நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடத்தே நேரும் இச்சிக்கல் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வாரங்களில் நிகழ்கின்றது. உடனடிச் சத்திரசிகிச்சையின்றேல் உயிர்பிழைத்தல் இல்லை. இதற்கு முன்னறிவிப்பாகச் சிறிதளவு குருதி தோன்றி நின்றுவிடுதல் பலரிடத்தே காணப்படும். அச்சிறு குருதியைப் பொருட்படுத்தாது விடுவதா, அபாய அறிகுறியாகக் கொள்வதா என்பதே பலரின் உயிரைத் தீர்மானிக்கின்றது. அரிப்பு ஆறும்போது உண்டாகும் தழும்பு குழலை ஒடுக்குவதுமுண்டு. குழாய் அகற்றப்பட்டு நோயாளி நடமாடத் தொடங்கியபின் அவ்வொடுக்கம் திடீரென மூச்சை அடைக்கக்கூடும்.

இவற்றுள் எது மிகுதியாக உயிர்கொள்கின்றது என்பதற்கு ஐக்கிய இராச்சியத்தில் மயக்கமருந்து வைத்தியர்களின் அரச கல்லூரி 2011இல் வெளியிட்ட தேசியக் கணக்காய்வு சான்று தருகின்றது. ஓராண்டுக் காலத்தில் நாடெங்கும் நிகழ்ந்த, மூச்சுவழி சார்ந்த 184 பாரதூரமான நிகழ்வுகளை அது ஆராய்ந்தது. மயக்கமருந்து வேளையில் நிகழ்ந்தவற்றில் 14 வீதமானவை மரணத்திலோ நிலையான மூளைச்சேதத்திலோ முடிந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் நிகழ்ந்தவற்றில் இவ்வீதம் 61 ஆக இருந்தது. இட்ட குழாய் இடம்பெயர்தலும், வெளிச்சுவாசத்தின் காபனீரொட்சைட்டைக் காட்டும் அளவியைப் பயன்படுத்தாமையும் அப்பிரிவின் மரணங்களுக்கு முக்கிய ஏதுக்களாகக் காணப்பட்டன. செல்வந்த நாடொன்றின் நிலையே இதுவாயின், ஆளணியும் கருவியும் குறைந்த இடங்களில் துளைப்பைச் செய்வதிலும் பார்க்கத் துளைப்பின் பின்னரான பராமரிப்பே நாம் கவலைகொள்ள வேண்டியதாகும்.

பிரேதப் பரிசோதனை

இலங்கையில் திடீர் மரணங்களும் காரணம் அறியப்படாத மரணங்களும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி விசாரிக்கப்படுகின்றன. மரண விசாரணை அதிகாரி அல்லது நீதவான் உடலைப் பார்வையிட்டு, தேவையெனக் கண்டால் பிரேதப் பரிசோதனைக்குக் கட்டளையிடுவர். அதனைச் செய்பவர் சட்ட வைத்திய அதிகாரி. மரண விசாரணை அதிகாரி வைத்தியராக இருக்கவேண்டியதில்லை. ஊரில் மதிப்புப்பெற்ற ஒருவராக இருப்பதே பெருவழக்கு. ஆதலின் கழுத்தில் குழாயுடன் இறந்த ஒருவரின் விடயத்தில் எதனைக் கேட்கவேண்டும் என்பதை அவருக்கு வைத்தியர் எடுத்துரைத்தல் இன்றியமையாதது.

பரிசோதனை கத்தி எடுப்பதற்கு முன்னரே தொடங்குகின்றது. முதல் விதி, குழாயை அகற்றலாகாது என்பது. இறந்தவரைத் துப்புரவாக்கி உறவினரிடம் ஒப்படைக்கும் நல்லெண்ணத்தில் குழாயைக் கழற்றிவிட்டால், அது எங்கே நின்றது, அடைபட்டிருந்ததா, காற்றுப்பை நிரம்பியிருந்ததா என்ற வினாக்களுக்கு விடைதரக்கூடிய ஒரே சான்று அழிந்துபோம். இரண்டாவது, உடலை அசைக்குமுன் குழாயின் நிலையைப் படம் பிடித்தலும் குறித்தலும். விடுதியிலிருந்து பிணவறைக்குக் கொண்டுசெல்லும் வழியிலும், இறுதிநேர உயிர்ப்பிக்கும் முயற்சியின்போதும் குழாய் இடம்பெயரலாம். பிணவறையில் விலகியிருந்த குழாய் உயிருள்ளபோதும் விலகியிருந்தது எனக் கொள்வது தவறு. மூன்றாவது, நெஞ்சையும் கழுத்தையும் கதிர்ப்படம் எடுத்தல். நெஞ்சறையிலோ இதயத்திலோ உள்ள காற்றைக் கத்தி திறந்தவுடன் காணமுடியாது போகும். கதிர்ப்படக் கருவி இல்லாவிடத்தும் வழியுண்டு. நெஞ்சுத் தோலை உரித்துப் பைபோலாக்கி, நீர் நிரப்பி, அந்நீரின் கீழ் விலாவிடையைத் துளைத்தால் குமிழிகள் எழுகின்றனவா எனக் காணலாம். இதயத்தையும் அவ்வாறே நீரின் கீழ்த் திறந்து நோக்கலாம்.

அடுத்து அறுவை முறை. மூளையையும் நெஞ்சுறுப்புகளையும் முதலில் அகற்றிக் குருதி வடிந்தபின்னரே கழுத்தை அடுக்கடுக்காகத் திறத்தல் வேண்டும். அவ்வாறன்றி முதலிற் கழுத்தைத் திறந்தால், நாளங்களிலிருந்து கசியும் குருதி இழையங்களிற் படிந்து உயிருள்ளபோது நேர்ந்த காயம்போலத் தோற்றும். இப்போலித் தோற்றத்தைத் தென்னாபிரிக்கரான பிரின்சுலூ, கோர்டன் ஆகியோர் 1951இல் விளக்கினர். கழுத்தை நெரித்த குற்றச்சாட்டுள்ள வழக்குகளில் இது பெரும் பிழைக்கு இடந்தரும். பின்னர் மூச்சுக்குழலைப் பின்புறமாக நெடுக்கே திறந்து, குழாய் இருந்தவாறே அதன் நுனி எங்குப் படிந்துள்ளது, எந்த வளையம் அரிப்புற்றது, பொய்வழி உண்டா, உள்ளே அடைப்பு உண்டா என நோக்கவேண்டும். நாடியில் துவாரம் காணப்படின் அதன் விளிம்பை நுணுக்குக்காட்டியிற் பார்த்தல் அவசியம். நாட்பட்ட அரிப்பாயின் அழற்சிக் கலங்கள் திரண்டிருக்கும். பரிசோதனைக் கத்தி தவறிப்பட்டதாயின் அவை இரா.

இத்தனையும் செய்தபின்னரும் உடல் மௌனமாக இருக்கக்கூடும். குழாய் அடைபட்டோ விலகியோ மூச்சுத்திணறி இறந்தவரில் அதற்கெனச் சிறப்பான அடையாளம் எதுவும் காணப்படாதிருத்தல் பெருவழக்கு. அடைத்த சளிக்கட்டியைத் தாதி இறுதிக்கணத்தில் உறிஞ்சியெடுத்திருக்கலாம். இங்கேதான் கட்டிலருகிலான குறிப்பு சான்றாகின்றது. கடைசியாக எப்போது உறிஞ்சப்பட்டது, காற்றுப்பையின் அழுத்தம் எப்போது அளக்கப்பட்டது, ஒட்சிசன் அளவு எந்நேரம் வீழ்ந்தது, யார் அழைக்கப்பட்டார், அவர் எந்நேரம் வந்தார் என்பனவற்றை நேரவரிசையில் அடுக்கினால், உடல் சொல்லாததைக் குறிப்புச் சொல்லும். எழுதப்படாத குறிப்பும் ஒருவகையில் சான்றே.

வெட்டுண்ட கழுத்துகளைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலுண்டு. உயிர்காக்க விரையும் சத்திரசிகிச்சையாளர் சிலவேளை ஏற்கெனவே உள்ள காயத்தினூடாகவே குழாயைச் செலுத்துவார். அன்றேல் அதன் விளிம்பை வெட்டி நீட்டுவார். தாக்கியவனின் கத்தி ஏற்படுத்திய காயம் எது, வைத்தியரின் கத்தி ஏற்படுத்தியது எது என்பதைப் பின்னர் பிரித்தறிதல் அரிது. தூக்கிட்டவரின் கழுத்திலுள்ள கயிற்றுத் தடத்தைத் துளைப்பு குறுக்கறுப்பதும் உண்டு. ஆகவே சிகிச்சைக்கு முன்னிருந்த நிலையை இரண்டு வரியிலேனும் எழுதிவைத்தல் வைத்தியரின் கடமைகளுள் ஒன்றாகும்.

யார் பொறுப்பு?

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். எல்லைத் தகராறில் ஒருவன் மற்றொருவனின் கழுத்தை வெட்டுகின்றான். வெட்டுண்டவர் வைத்தியசாலையில் துளைப்புச் செய்யப்பட்டுத் தேறிவருகின்றார். மூன்றாம் வாரத்தில் நாடி அரிப்புற்று இறக்கின்றார். வெட்டியவன் கொலைஞனா? வெட்டுக்காயம் ஆறிவிட்டதே என அவனது சட்டத்தரணி வாதிப்பார்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டிலேயே இதற்கு விடைகூறியுள்ளது. உடற்காயத்தால் மரணம் விளையுமிடத்து, தக்க சிகிச்சையாலும் திறமையான வைத்தியத்தாலும் அம்மரணத்தைத் தடுத்திருக்க முடியுமெனினும் காயம் விளைவித்தவனே மரணத்தை விளைவித்தவனாகக் கொள்ளப்படுவான் என்பது 293ஆம் பிரிவின் விளக்கவுரையின் சாரம். இதே வினாவை இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் செஷயர் வழக்கில் எதிர்கொண்டது. 1987 டிசம்பரில் உணவுக்கடையொன்றில் ஏற்பட்ட தகராறில் சுடப்பட்டவருக்கு மூச்சுக்குழல் துளைப்புச் செய்யப்பட்டது. துப்பாக்கிக் காயங்கள் உயிராபத்தற்றனவாகிவிட்ட நிலையில், இரண்டு மாதங்களின் பின்னர் 1988 பெப்ரவரியில் அவர் மூச்சுத்திணறி இறந்தார். துளையிட்ட இடத்தில் குழல் ஒடுங்கியிருந்ததைப் பிரேதப் பரிசோதனை காட்டியது. வைத்தியர் அவ்வொடுக்கத்தைக் காணத்தவறினர் என எதிரித் தரப்பு வாதித்தது. மரணத்துக்கு எதிரியின் செயல் குறிப்பிடத்தக்க அளவில் ஏதுவாயின் போதும் என்றும், வைத்தியரின் கவனயீனம் எதிரியின் செயலினின்றும் முற்றாக வேறுபட்டு, தானே மரணத்தை விளைவிக்க வல்லதாயிருந்தாலன்றி எதிரி விடுபடமாட்டான் என்றும் நீதிமன்றம் கூறியது. கொலைத் தீர்ப்பு நிலைத்தது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? தாக்கியவன் பொறுப்பாளி என்பதால் வைத்தியசாலையில் குறை இருக்கவில்லை என்றாகாது. அவ்வாறே வைத்தியசாலையில் குறை இருந்தது என்பதால் தாக்கியவன் விடுபடான். சட்டக் காரணமும் மருத்துவக் காரணமும் வெவ்வேறு தராசுகளில் நிறுக்கப்படுவன.

வைத்தியரின் பொறுப்பைப் பொறுத்தமட்டில், அவதானமற்ற அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தலைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு குற்றமாக்கியுள்ளது. எனினும் தீய விளைவு நேர்ந்தது என்பதே கவனயீனத்துக்குச் சான்றாகாது. இந்தியாவின் லூதியானா நகரில் 1995இல் மூச்சுத்திணறிய நோயாளிக்குப் பொருத்தப்பட்ட ஒட்சிசன் உருளை வெறுமையாக இருந்தது என்ற குற்றச்சாட்டில் எழுந்த ஜேக்கப் மத்தியூ வழக்கில், வைத்தியரைக் குற்றவாளியாக்குவதற்குப் பாரதூரமான கவனயீனம் நிறுவப்படவேண்டும் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. இலங்கையில் பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கில் 2001இல் வழங்கப்பட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பு, கவனயீனம் ஒருபுறமிருக்க, அக்கவனயீனமே மரணத்தை விளைவித்தது என்பதை வழக்காளி நிறுவவேண்டும் என வலியுறுத்தியது. துளைப்பு மரணங்களில் இவ்விணைப்பை நிறுவுவதற்கோ மறுப்பதற்கோ உதவுவது முன்னர் நாம் கூறிய குழாயும் குறிப்புமேயாகும். அவை பேணப்படாவிடின் குற்றஞ்சாட்டுவோரும் நட்டமடைவர். குற்றமற்ற வைத்தியரும் தாதியும் தம்மைக் காத்துக்கொள்ளமாட்டார்.

விசாரணையின் சமூகப் பயன்

மரண விசாரணை எம்மக்களால் பெரிதும் அஞ்சப்படுவது. உடலை அறுப்பது இறந்தவரை மீண்டும் துன்புறுத்துவது என்ற உணர்வு ஆழமானது. இசுலாமிய மக்கள் ஜனாஸாவை விரைந்து நல்லடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்டவர்கள். ஏனையோரும் உடலைத் தாமதமின்றி வீட்டுக்குக் கொண்டுசெல்லவே விரும்புவர். இவ்வுணர்வுகளை அறியாமை எனத் தள்ளுதல் பண்பன்று. பரிசோதனையை விரைந்து நடத்துவதும், அதன் பயனை முன்கூட்டியே விளக்குவதும் வேண்டப்படுவன.

ஆயின் விசாரணையின்மை எத்தகையது என்பதையும் இம்மாவட்டம் அறியும். 1983 ஜூன் மாதம் அவசரகால விதி 15ஏ மரண விசாரணையின்றியே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் அதிகாரம் வழங்கியது. காரணம் கேட்கப்படாத மரணம் குடும்பத்தின் நெஞ்சில் எத்தனை ஆண்டுகள் ஆறாதிருக்கும் என்பதற்கு அக்காலம் சான்று. வைத்தியசாலை மரணம் அதனோடு ஒப்பிடற்குரியதன்று. எனினும், ஒரு மனித உயிர் ஏன் நீங்கியது என்பதைக் கேட்டறியும் உரிமை இரண்டிடத்தும் ஒன்றே.

இவ்வுரிமைக்கு மொழியும் ஒரு தடையாக நிற்கின்றது. அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டுப் பதினாறாம் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நீதிமன்ற மொழி தமிழ். கட்டிலருகேயுள்ள குறிப்போ ஆங்கிலம். தந்தையை இழந்த மகன் விசாரணையிற் கேட்பது பெரும்பாலும் மூச்சுத்திணறல் என்ற ஒற்றைச் சொல்லையே. அச்சொல் உண்மையாயினும் அவன் கேட்ட வினாவுக்கு விடையாகாது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சத்திரசிகிச்சையைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கினார். அவ்வழி வந்த நாம், குழாய் எங்கே இருந்தது, எப்போது விலகியது, அதனை மீட்க எவ்வெவை செய்யப்பட்டன என்பதைத் தமிழில் எளிமையாகக் கூறமுடியாது என்று சொல்லுதல் பொருந்தாது.

விசாரணை பழிதேடுவதற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இந்நாட்டிலேயே இரண்டு முன்னுதாரணங்கள் உள்ளன. 1980கள் தொட்டு ஒவ்வொரு தாய்மரணமும் தனித்தனியே அறிவிக்கப்பட்டு, எங்கே தாமதம், எங்கே குறை என ஆராயப்பட்டு வருகின்றது. தென்னாசியாவில் தாய்மரணம் மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்றாக இலங்கை விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வாறே எந்தப் பூச்சிகொல்லி உயிரை மிகுதியாகக் கொள்கின்றது என்பதைப் பதிவுகள் காட்டியமையால் 1995இல் மிகக்கொடிய நஞ்சுகள் சில தடைசெய்யப்பட்டன. அதனைத் தொடர்ந்த பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. மரணக் காரணத்தைச் செவ்வனே எழுதியமை எத்தனையோ வயற் குடும்பங்களை வாழவைத்தது எனலாம்.

மூச்சுக்குழல் துளைப்பின் பின்னரான மரணங்களுக்கும் இத்தகைய மீளாய்வு வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. குழாயை இருந்தபடியே விடுதல், சிகிச்சைக்கு முன்னான காயத்தை எழுதிவைத்தல், குறிப்பேட்டை உடலோடு அனுப்புதல், சட்ட வைத்திய அதிகாரியின் முடிவை விடுதியிற் பணியாற்றுவோருக்குத் திருப்பி அறிவித்தல், உறவினருக்கு அவர்தம் மொழியில் விளக்குதல் ஆகிய ஐந்தும் வாவியின் இருகரைகளிலுமுள்ள எவ்வைத்தியசாலையிலும் செய்யக்கூடியனவே. இவற்றைச் செய்யின் மரண விசாரணை, குழாய் பூண்டு கிடக்கும் அடுத்த நோயாளியின் உயிர்காக்கும் கருவியாக அமையும். செய்யாதுவிடின், இரவு இரண்டு மணிக்கு அடைபடும் அடுத்த குழாயும் அதே ஒற்றைச் சொல்லோடு பதிவேட்டில் அடங்கிப்போகும்.